சூரிய மின்தகடுகளைக் குளிர்விக்கும் நிலைமாற்றப் பொருள்கள்

வெயில் மிகுந்த இடத்தில் சூரிய மின்சாரமும் மிகுதியாகக் கிடைக்கும் என்பது பொதுவாக நிலவும் கருத்து. இக்கருத்தில் ஒரு பாதியே உண்மை. சூரிய மின்தகட்டுக்கு வேண்டியது ஒளி; வெப்பம் அன்று. ஒளி கூடினால் மின்சாரம் கூடுகிறது. அதே ஒளியால் தகடு சூடேறினால் மின்சாரம் குறைகிறது. வெப்ப நாடுகளில் இவ்விரண்டும் ஒரே வேளையில் நிகழ்கின்றன.

நம் நாட்டில் ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் 2010 ஜனவரியில் தொடங்கப்பட்டது. 2025 ஜனவரி இறுதியில் நாட்டின் நிறுவப்பட்ட சூரிய மின்திறன் 100 கிகாவாட்டைக் கடந்தது. உழவர்களின் நீரிறைப்பு எந்திரங்களைச் சூரிய ஆற்றலில் இயக்கும் குசும் திட்டம் 2019-லும், ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் மின்தகடுகளை அமைக்கும் பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024-லும் செயற்பாட்டுக்கு வந்தன. 100 கிகாவாட்டில் நூற்றில் ஒரு பங்கு என்பதே 1,000 மெகாவாட் ஆகும். எனவே வெப்பத்தால் ஏற்படும் இழப்பு எவ்வளவு, அதைத் தடுக்க வழி உண்டா என்னும் கேள்விகள் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுபவை அல்ல. அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்களின் கருத்தைக் கவர்ந்துள்ள ஒரு வழி, தகட்டின் பின்புறத்தில் உருகி உறையும் பொருள் ஒன்றை வைத்து வெப்பத்தை உறிஞ்சச் செய்வதாகும். இவ்வழியின் பயனையும் வரம்பையும் இனிக் காணலாம்.

வெப்பம் செய்யும் தீங்கு

சிலிக்கான் கலத்தின் மீது ஒளி விழும்போது அதிலுள்ள மின்னணுக்கள் விடுபட்டு மின்னோட்டமாகின்றன. கலம் சூடேறும்போது அதன் மின்னழுத்தம் குறைகிறது. மின்னோட்டம் சிறிதளவு கூடினாலும் மின்னழுத்தத்தின் வீழ்ச்சியை அது ஈடுசெய்வதில்லை. பரவலாகப் பயன்படும் படிகச் சிலிக்கான் தகடுகளில், வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடுந்தோறும் திறன் சுமார் 0.4 விழுக்காடு குறைகிறது. புதிய வகைக் கலங்களில் இக்குறைவு 0.3 விழுக்காடும் அதற்குச் சற்றுக் கீழும் ஆகும்.

தகட்டின் மேல் ஒட்டப்பட்டுள்ள திறன் அளவு, கலத்தின் வெப்பநிலை 25 பாகையாக இருக்கும் நிலைக்கு உரியது. ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியைப் பாய்ச்சி இந்த அளவைக் கணிக்கின்றனர். திறந்த வெளியில், உச்சி வெயிலில், நம் நாட்டின் எந்தத் தகடும் 25 பாகையில் இருப்பதில்லை. ஒட்டுச்சீட்டில் 400 வாட் என்று கண்டு வாங்குபவர், நண்பகலில் அத்திறன் கிடைக்கவில்லை என்று வியப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

கணவாய் வாயிலில் ஒரு கணக்கு

இவ்விழப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்திருப்பது எருத்தேன்பதி ஊராட்சி. தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழும் பகுதி இது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில் இது உள்ளது. கேரளத்தின் பிற பகுதிகளைப் போல மழை கொட்டும் நிலம் அன்று. மழைமறைவில் அமைந்த வறண்ட நிலம். தென்னந்தோப்புகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் ஆழ்துளைக் கிணறுகளே பெரிதும் துணை. 2016 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பநிலை 41.9 பாகை வரை சென்றது.

வெயிலும் காற்றும் நிறைந்த இக்கணவாய், மாற்று ஆற்றலுக்கு ஏற்ற களமாக முன்பே அறியப்பட்டதாகும். கஞ்சிக்கோட்டில் 1990-களின் நடுப்பகுதியில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அதே கஞ்சிக்கோட்டில் 2015-இல் கேரள மாநில மின்வாரியம் 1 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அமைத்தது.

இத்தகைய இடத்தில், காற்றின் வெப்பநிலை 38 பாகையாக உள்ள ஒரு பங்குனி நண்பகலைக் கருதுவோம். தகடுகளின் வெப்பப் போக்கை அளக்கப் பன்னாட்டளவில் வழங்கும் ஒரு முறை உண்டு. காற்றின் வெப்பநிலை 20 பாகை, காற்றின் வேகம் நொடிக்கு 1 மீட்டர், ஒளி சதுர மீட்டருக்கு 800 வாட் என்னும் நிலையில், திறந்த சட்டத்தில் நிறுத்திய தகட்டின் கலம் சுமார் 45 பாகையை அடைகிறது. அதாவது 800 வாட் ஒளிக்கு 25 பாகை ஏற்றம். 1,000 வாட் ஒளிக்கு ஏறத்தாழ 31 பாகை ஏற்றம். ஆகவே 38 பாகைக் காற்றில் கலத்தின் வெப்பநிலை 69 பாகை ஆகிறது. ஆய்வுக்கூட நிலையைவிட இது 44 பாகை மிகுதி. பாகைக்கு 0.4 விழுக்காடு வீதம் கணக்கிட்டால் இழப்பு 17 விழுக்காட்டுக்கு மேல். 400 வாட் தகடு அவ்வேளையில் 330 வாட் அளவே தரும். காற்றோட்டத்துக்கு இடமின்றிக் கூரையோடு ஒட்டிப் பதித்த தகட்டில் நிலைமை இதனினும் மோசமாகும். மிகையான வெப்பம் கலங்களைப் பொதிந்துள்ள நெகிழிப் படலத்தையும் நாளடைவில் கெடுத்து, தகட்டின் ஆயுளைக் குறைக்கக்கூடும்.

உள்ளுறை வெப்பம்

ஒரு பாத்திரத்தில் பனிக்கட்டியை இட்டுச் சூடேற்றினால், அது முழுவதும் உருகும் வரை வெப்பநிலை சுழி பாகையிலேயே நிற்கிறது. கொடுத்த வெப்பமெல்லாம் நிலைமாற்றத்துக்கே செலவாகிறது. வெப்பமானியில் புலப்படாத இந்த வெப்பத்தை இயற்பியலார் உள்ளுறை வெப்பம் என்பர். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் தேவை. உருகிய அந்நீரை ஒரு பாகை சூடாக்க 4.2 கிலோஜூலே போதும். உருகுதல் எத்துணை வெப்பத்தை விழுங்குகிறது என்பதை இவ்விரு எண்களும் காட்டும்.

நிலைமாற்றத்தைக் காண ஆய்வுக்கூடம் செல்ல வேண்டியதில்லை. மார்கழிக் குளிரில் புட்டியில் உறைந்து நிற்கும் தேங்காயெண்ணெய், வெயிலில் வைத்ததும் சுமார் 24 பாகையில் இளகி உருகுகிறது. இவ்வாறு நமக்கு வேண்டிய வெப்பநிலையில் உருகி, குளிர்ந்தபின் மீண்டும் உறையும் பொருளை உலோகப் பெட்டியில் அடைத்து, மின்தகட்டின் முதுகோடு பொருத்துவதே இம்முறையின் சாரம். காலையில் தகடு சூடேறத் தொடங்கும்போது பொருள் அவ்வெப்பத்தை வாங்கி உருகுகிறது. உருகும் வேளை முழுவதும் தகட்டின் வெப்பநிலை கட்டுக்குள் நிற்கிறது. இரவில் பொருள் வெப்பத்தை வெளிவிட்டு உறைந்து, மறுநாளைக்கு ஆயத்தமாகிறது. விசை எந்திரம் தேவையில்லை; நீர் தேவையில்லை; அசையும் உறுப்பு ஏதுமில்லை.

பொருள்களின் வகைகள்

இதற்கு உகந்த பொருள்கள் மூவகைப்படும். முதலாவது, கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பாரபின் மெழுகு. தயாரிப்புக்கேற்பப் பல உருகுநிலைகளில் கிடைக்கிறது. உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு ஏறத்தாழ 200 கிலோஜூல். ஆயிரக்கணக்கான முறை உருகி உறைந்தாலும் எளிதில் கெடுவதில்லை. ஆனால் தீப்பற்றும் தன்மையுடையது.

இரண்டாவது, படிகநீர் கொண்ட உப்புகள். கால்சியம் குளோரைடின் படிகம் 29 பாகையை ஒட்டி உருகுகிறது. கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டின் படிகம் 32.4 பாகையில் உருகுகிறது. விலை குறைவு, தீப்பற்றா. ஆனால் மீண்டும் மீண்டும் உருகி உறையும்போது உப்பும் நீரும் பிரிந்து, உப்பு அடியில் படிந்துவிடும் குறை உண்டு. வரலாற்றில் இதற்குச் சான்றுண்டு. அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அறிவியலாளர் மரியா டெல்க்கெஸ், 1948-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டோவர் நகரில் கிளாபர் உப்பில் சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சூடேற்றும் வீடு ஒன்றை உருவாக்கினார். சில குளிர்காலங்களுக்குள் உப்பு பிரிந்துபோனதால் அவ்வமைப்பு பயனற்றதாயிற்று. உப்புகள் உலோகத்தையும் அரிக்கும்.

மூன்றாவது, கொழுப்பு அமிலங்கள். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலமே. தனியே பிரித்தெடுத்த லாரிக் அமிலம் 43 முதல் 44 பாகையில் உருகுகிறது. கிலோவுக்கு ஏறத்தாழ 178 கிலோஜூல் வெப்பத்தை ஏற்கிறது. தென்னை மிகுந்த சித்தூர், பொள்ளாச்சிப் பகுதிகளுக்கு இது கருதத்தக்க பொருள். பாரபினைவிட விலை கூடியது என்பதும், சில உலோகங்களைச் சிறிதளவு அரிக்கும் என்பதும் இதன் குறைகள்.

ஆய்வுகள் கூறுவது

பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்திலுள்ள வெஹாரியிலும் அயர்லாந்தின் டப்ளினிலும் ஒரே வகை அமைப்பை நிறுவி ஆராய்ந்தனர் அகமது ஹசன், பிரையன் நார்ட்டன் முதலியோர். 2015-இல் வெளியான அவ்வாய்வின்படி, கால்சியம் குளோரைடு படிகம் பொருத்திய தகட்டின் உச்ச வெப்பநிலை டப்ளினில் 10 பாகையும், வெஹாரியில் 21.5 பாகையும் குறைந்தது. குளிர் நாட்டைவிட வெப்ப நாட்டுக்கே இம்முறை உகந்தது என்பது இதனால் தெளிவாயிற்று.

ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்ன் நகரில் ஓராண்டு முழுவதும் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், 38 முதல் 43 பாகைக்குள் உருகும் பாரபின் பயன்படுத்தப்பட்டது. உச்ச வேளையில் தகட்டின் வெப்பநிலை சராசரியாக 10.5 பாகை குறைந்தது. ஆண்டு மின் உற்பத்தி 5.9 விழுக்காடு உயர்ந்தது.

நம் நாட்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கே. எஸ். ரெட்டி, இங்கிலாந்தின் எக்செட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து இத்துறையில் பணியாற்றியுள்ளார். கட்டடத்தோடு இணைந்து, ஒளியைக் குவித்துக் கலத்தின் மீது பாய்ச்சும் ஓர் அமைப்பில் நிலைமாற்றப் பொருளைப் பொருத்தி ஆய்வுக்கூடத்தில் சோதித்தனர். 2016-இல் வெளியான முடிவுகளின்படி, மின்மாற்றுத் திறனின் ஒப்பீட்டு உயர்வு சதுர மீட்டருக்கு 500 வாட் ஒளியில் 1.15 விழுக்காடும், 750 வாட் ஒளியில் 4.2 விழுக்காடும், 1,200 வாட் ஒளியில் 6.8 விழுக்காடும் ஆகும். ஒளி கடுமையாகுந்தோறும் பயனும் கூடுகிறது.

இரவின் பங்கு

இவ்வாய்வுகளைப் பயன்படுத்தும்போது ஓர் உண்மையை மறத்தலாகாது. நிலைமாற்றப் பொருள் வெப்பத்தை அழிப்பதில்லை. பகலில் வந்த வெப்பத்தை இரவுக்குத் தள்ளிவைக்கிறது. இரவில் பொருள் முழுவதும் உறைந்தால்தான் மறுநாள் அது பணியாற்ற இயலும். ஆகவே பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நண்பகலின் வெப்பத்தோடு நள்ளிரவின் குளிர்ச்சியையும் கணக்கிட வேண்டும்.

பாலக்காட்டுச் சமவெளியில் மார்ச், ஏப்ரல் மாத இரவுகளில் வெப்பநிலை 25 பாகையை ஒட்டியே நிற்கிறது. தேங்காயெண்ணெயை அப்படியே பெட்டியில் அடைத்தால், கோடையில் அது ஒருநாளும் உறையாது. வெறும் எண்ணெய்ப் பெட்டியாகவே தொங்கும். வெஹாரியில் சிறந்து விளங்கிய கால்சியம் குளோரைடு படிகமும் இங்கு ஐயத்துக்குரியதே. அதன் உருகுநிலைக்கும் இரவின் வெப்பநிலைக்கும் இடையே நாலைந்து பாகை வேறுபாடே உள்ளது. மேலும் இவ்வகை உப்புகள் உறைநிலைக்குக் கீழே சில பாகை குளிர்ந்த பின்னரே உறையத் தொடங்கும் இயல்புடையவை. வறண்ட, தெளிந்த வானமுள்ள இரவில் தகடு வானை நோக்கி வெப்பத்தை வீசி விரைந்து குளிரும். ஈரப்பதமும் மேகமும் மிகுந்த இரவில் இது தடைப்படும்.

எனவே இப்பகுதிக்கு, கோடை இரவைவிடக் குறைந்தது 12 பாகையேனும் உயர்ந்தும், நண்பகல் கலத்தின் 69 பாகையைவிட நன்கு தாழ்ந்தும் உள்ள உருகுநிலையே பொருந்தும். 38 முதல் 44 பாகை வரை என அதனை வகுக்கலாம். இவ்வகைப் பாரபினும் லாரிக் அமிலமும் அதற்குள் அடங்குகின்றன. அல் அய்ன் ஆய்விலும், கடுங்கோடை மாதங்களில் பொருள் இரவில் முற்றிலும் உறையாமலும், குளிர் மாதங்களில் பகலில் முற்றிலும் உருகாமலும் பயன் குறைந்தது குறிப்பிடத்தக்கது. ஒரே பொருள் ஆண்டு முழுவதற்கும் சிறந்ததாக அமைவது அரிது.

எடையும் செலவும்

அடுத்து வருவது அளவு பற்றிய கேள்வி. ஒரு சதுர மீட்டர் தகட்டில் விழும் 1,000 வாட் ஒளியில் சுமார் 200 வாட் மின்சாரமாகிறது. ஒரு சிறு பகுதி திரும்பி எதிரொளிக்கிறது. ஏறத்தாழ 700 வாட் வெப்பமாகிறது. இதில் பாதி முன்புறத்தின் வழியே காற்றில் கலப்பதாகக் கொண்டால், மீதி 350 வாட்டைப் பின்புறப் பொருள் ஏற்க வேண்டும். ஐந்து மணி நேரத்தில் இது 6,300 கிலோஜூல் ஆகிறது. கிலோவுக்கு 200 கிலோஜூல் ஏற்கும் மெழுகு 31 கிலோவுக்கு மேல் வேண்டும். இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள தகட்டுக்கு 60 கிலோவுக்கு மிகுதி. அத்தகடோ பெரும்பாலும் 25 கிலோ எடையைத் தாண்டாது. தாங்கும் சட்டமும் கூரையும் இப்பாரத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

பொருளைக் குறைத்து வைத்தால் முற்பகலிலேயே அது முழுவதும் உருகிவிடும். அதன்பின் அது வெப்பத்தை ஏற்காததோடு, தகட்டின் முதுகில் போர்த்திய கம்பளம் போலக் காற்றோட்டத்தையும் தடுக்கும். பிற்பகலில் தகடு சாதாரணத் தகட்டைவிட மிகுதியாகச் சூடேறவும் கூடும்.

மற்றொரு தடை, மெழுகு வெப்பத்தை எளிதில் கடத்தாமை. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஆயிரத்தில் ஒரு பங்களவே பாரபின் கடத்துகிறது. ஆதலால் தகட்டை ஒட்டிய மெழுகு உருகியபின், உள்ளே இருக்கும் மெழுகுக்கு வெப்பம் சென்று சேரத் தாமதமாகும். மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுற்றிலும் காணப்படும் வரிவரியான உலோக இதழ்களைப் போன்றவற்றைப் பெட்டிக்குள் அமைத்து இக்குறையைப் போக்குகின்றனர். அதனாலும் எடையும் செலவும் கூடுகின்றன.

வரவையும் கணக்கிடலாம். இன்றைய தகடுகளில் 1 கிலோவாட் திறனுக்கு 5 சதுர மீட்டர் பரப்பு தேவை. நாளொன்றுக்கு 4 யூனிட் எனக் கொண்டால் ஆண்டுக்கு 1,460 யூனிட். அதில் 6 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்தால் சுமார் 88 யூனிட். யூனிட் 5 ரூபாய் எனக் கருதினால் ஆண்டு வரவு 440 ரூபாய். இதற்காக 150 கிலோவுக்கு மேற்பட்ட பொருளும், 5 சதுர மீட்டர் பரப்புள்ள கசியாத பெட்டிகளும், உலோக இதழ்களும், வலுவான சட்டமும் வாங்க வேண்டியுள்ளது. அதே 6 விழுக்காட்டை, 60 வாட் திறனுள்ள தகட்டைக் கூடுதலாக வைத்தும் பெறலாம். அதற்கு வேண்டிய இடம் 0.3 சதுர மீட்டரே. தகடுகளின் விலை கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெரிதும் வீழ்ந்துள்ளதால், இடம் தாராளமாக உள்ள நிலங்களில் கூடுதல் தகடே சிக்கனமான தீர்வாகும்.

எளிய மாற்று வழிகள்

செலவு மிகாத வேறு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். முதலாவது காற்றோட்டம். கூரைக்கும் தகட்டுக்கும் இடையே போதிய இடைவெளி விட்டு, காற்று வரும் திசையை அடைக்காமல் நிறுத்தினால் பல பாகை வெப்பம் செலவின்றித் தணியும். காற்றுக்குப் பெயர்பெற்ற பாலக்காட்டுக் கணவாயில் இது முதலில் செய்யவேண்டியதாகும்.

இரண்டாவது நீர். தகட்டின் மீது நீர் தெளித்தால் குளிர்ச்சி உறுதி. ஆயினும் சித்தூர் வட்டாரம் நிலத்தடி நீர் மதிப்பீடுகளில் மிகையாக நீரெடுக்கும் பகுதி எனக் குறிக்கப்பட்டதுண்டு. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவில் கிடைக்கவேண்டிய ஆண்டுக்கு 7,250 மில்லியன் கன அடி நீரை எதிர்நோக்கும் பாசனப் பகுதி இது. இங்கு குளிர்விப்பதற்கென நீரை ஆவியாக்குதல் முறையன்று. ஆனால் சூரிய நீரிறைப்பு எந்திரம் உள்ள தோட்டத்தில், கிணற்றிலிருந்து ஏறும் நீரைத் தகட்டின் பின்புறக் குழாய்கள் வழியே செலுத்திப் பிறகு வயலுக்கு விடலாம். தகடு குளிர்கிறது, நீரும் வீணாவதில்லை. வெயில் கடுமையாகும் வேளையில்தான் எந்திரமும் விரைந்து இறைக்கும் என்பது இதன் சிறப்பு.

மூன்றாவது, நீர்ப்பரப்பின் மீது மிதக்கும் தகடுகள். வயநாட்டின் பாணாசுர சாகர் அணையில் 2017-இல் 500 கிலோவாட் மிதவை நிலையமும், காயங்குளத்தில் 2022-இல் தேசிய அனல்மின் கழகத்தின் 92 மெகாவாட் மிதவை நிலையமும் செயற்படத் தொடங்கின. நீரின் அண்மை தகடுகளின் சூட்டைத் தணிக்க உதவுகிறது.

எங்கே பொருந்தும்?

இவற்றால் நிலைமாற்றப் பொருள் பயனற்றது என்று முடிவு செய்வது தவறாகும். இடம் குறுகிய நகரக் கூரைகள், சுவரோடு இணைத்துப் பதிப்பதால் பின்புறம் காற்றே செல்லாத தகடுகள், ஒளியைக் குவிக்கும் அமைப்புகள் ஆகியவற்றில் இதற்கு இடமுண்டு. சேர்ந்த வெப்பத்தை மாலைக்குப் பின் பயன்படுத்த இயன்றால் கணக்கே மாறிவிடும். 40 பாகை வெப்பம் கொப்பரையை முழுவதும் உலர்த்தப் போதாது. எனினும் உலர்களத்துக்குச் செல்லும் காற்றையோ, வீட்டுக்கு வேண்டிய நீரையோ முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கப் போதும். அப்போது ஒரே பொருள் மின்சாரத்தைக் கூட்டுவதோடு எரிபொருளையும் மிச்சப்படுத்தும்.

இவற்றை உறுதிசெய்ய உள்ளூர் அளவீடு இன்றியமையாதது. அல் அய்னின் பாலைவன இரவும் எருத்தேன்பதியின் கோடை இரவும் ஒன்றல்ல. அங்குக் கிடைத்த 5.9 விழுக்காட்டை இங்கு அப்படியே எதிர்பார்க்க இயலாது. எருத்தேன்பதியில் கேரள வேளாண்துறையின் விதைப் பண்ணை உள்ளது. அதுபோன்ற அரசுப் பண்ணைகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் ஒரே வகையான மூன்று தகடுகளை அருகருகே நிறுவலாம். ஒன்று வெறும் தகடு; ஒன்று பின்புறம் நீர்க்குழாய் கொண்டது; ஒன்று நிலைமாற்றப் பொருள் கொண்டது. மூன்றின் பின்புற வெப்பநிலை, மின் உற்பத்தி, காற்றின் வேகம், ஈரப்பதம், இரவின் தாழ்ந்த வெப்பநிலை ஆகியவற்றை ஓராண்டு இடைவிடாது பதிவு செய்ய வேண்டும். விடியற்காலையில் பொருள் முழுவதும் உறைந்துள்ளதா என்பதைத் தவறாமல் குறித்தல் வேண்டும். மாணவர்கள் குறைந்த செலவில் மேற்கொள்ளத்தக்க ஆய்வு இது.

திட்டங்களுக்கு ஒப்புதல் வழங்கும் அலுவலர்கள் இத்தகைய கருவிகளுக்கு உதவித்தொகை வேண்டி விண்ணப்பம் வரும்போது மூன்று விவரங்களைக் கேட்டறிதல் நலம்: பொருளின் உருகுநிலை அவ்வூரின் கோடை இரவுக்குப் பொருந்துகிறதா, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ பொருள் வைக்கப்படுகிறது, அதே செலவில் கூடுதல் தகடு வைத்தால் கிடைக்கும் மின்சாரம் எவ்வளவு. இவற்றுக்கு அளந்தறிந்த விடை கிடைத்தபின் வழங்கப்படும் ஒப்புதலே, உழவருக்கும் பொதுப் பணத்துக்கும் பாதுகாப்பாக அமையும்.